‘வரவில்லை’ என்பதை எப்படிப் படம் பிடிப்பது? ஏழாம் வகுப்பில் ஓர் அனிமேஷன் முயற்சி

‘தொலைந்த பொருள்’ என்று தலைப்பு மட்டும் கொடுத்து, ஏழாம் வகுப்பில் 34 பேரையும் ஒரு பக்கத்துக்குக் கதை எழுதச் சொன்னேன். நோட்டுகளை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்த் திருத்த உட்கார்ந்தவன், ஐந்தாறு நோட்டு தாண்டியதும் ஒற்றுப் பிழைகளை விட்டுவிட்டு வேறொன்றை எண்ண ஆரம்பித்துவிட்டேன். ‘பட்டான்’. வருத்தப்பட்டான், ஆசைப்பட்டான், கோபப்பட்டான், பயப்பட்டாள், வெட்கப்பட்டாள், கடைசியில் எல்லாரும் கூடி நின்று சந்தோஷப்பட்டார்கள். ஒரே பக்கத்தில் 11 ‘பட்டான்’ இருந்த நோட்டு ஒன்று உண்டு.

கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் ஆடு தொலைந்ததை எழுதியிருந்தான். புதுக்கோட்டை மாவட்டத்தில் வானம் பார்த்த ஊர் எங்களுடையது, பாதி வீடுகளில் ஆடு உண்டு. ஆடு தொலைந்த வீட்டில் அன்றைக்கு ராத்திரி என்னவெல்லாம் நடக்கும் என்பது அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நோட்டில் இருந்தது இதுதான்: ‘ஆடு தொலைந்தது. அவன் மிகவும் வருத்தப்பட்டான். எங்கும் தேடினான். பிறகு ஆடு கிடைத்தது. அவன் மிகவும் சந்தோஷப்பட்டான். நீதி: நம் பொருள்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.’

இதே பையன் அறிவியல் புத்தகத்தின் ஓரத்தில் படம் போட்டு வைத்திருந்ததை அடுத்த வாரம் பிடித்தேன். பக்கங்களை விரலால் சர்ரென்று விட்டால் ஓடுகிற படம். நாம் எல்லாருமே பள்ளியில் செய்ததுதான், இங்கிலாந்தில் ஒருவர் 1868இல் இதற்குக் காப்புரிமையே வாங்கியிருக்கிறார். இவன் வரைந்திருந்தது கபடி ரெய்டு. குச்சி மனிதன் தொடையைத் தட்டுகிறான், குனிகிறான், இடது கையை முன்னால் நீட்டிக்கொண்டு பக்கவாட்டில் நகர்கிறான், சட்டென்று கால் நீள்கிறது. புத்தகத்தைக் கிறுக்கியதற்காகக் கத்த வேண்டும் என்றுதான் வாங்கினேன், மூன்று தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். வரையும்போது இத்தனை தெரிந்த பையன் எழுதும்போது ஏன் ‘கபடி விளையாடினான், வெற்றி பெற்றான்’ என்று முடித்துவிடுகிறான்? இந்தக் கேள்விதான் அடுத்த இரண்டரை மாதம் வெள்ளிக்கிழமைகளின் கடைசி இரண்டு பாடவேளைகளைச் சாப்பிட்டது.

பிள்ளைகளுக்கு கார்ட்டூன் பிடிக்கும், அதனால் அதைக் காட்டி எழுத வைக்கலாம் என்று நான் இதை ஆரம்பிக்கவில்லை. மிட்டாய் கொடுத்து மருந்து குடிக்க வைக்கிற வேலையில் எனக்கு நம்பிக்கை இல்லை. அரசுப் பள்ளிகளில் 2022 முதல் மாதாமாதம் சிறார் படம் திரையிடுகிறார்கள், பார்த்துவிட்டுப் பேசவும் எழுதவும் செய்கிறார்கள், நல்ல விஷயம். ஆனால் பார்ப்பது வேறு. ஒரு பொருளை நொடிக்கு இத்தனை தடவை கையால் நகர்த்தி வைத்து, ஒவ்வொரு தடவையும் ஒரு போட்டோ எடுத்து, எல்லாவற்றையும் வரிசையாக ஓட்டி அதை அசைய வைக்கிறவன், அந்த வினைச்சொல்லைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்த்தே ஆக வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அந்தக் கட்டாயம் மட்டும்தான்.

லேபில் ஆரம்பித்து ஸ்டூலுக்கு வந்தது

முதலில் போனது தப்பான இடத்துக்கு. எங்கள் உயர்நிலைப் பள்ளியில் ஹைடெக் லேப் இருக்கிறது, 10 கம்ப்யூட்டர். ஸ்க்ராட்ச் நிறுவி வைத்தேன். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக்கின் குழு உருவாக்கி 2007இல் வெளியிட்ட மென்பொருள், இலவசம், இணையம் இல்லாமலும் ஓடும். கட்டளைகளை வண்ணக் கட்டைகள் மாதிரி ஒன்றோடொன்று மாட்டினால் திரையில் பூனை நடக்கும், பேசும். பிள்ளைகள் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

இரண்டு வாரம் ஓடியது. கதைகள் எல்லாம் ஒரே கதை. பூனை வருகிறது, டைனோசர் வருகிறது, பூனை ஓடுகிறது. பெட்டிக்குள் தயாராக என்ன உருவம் இருக்கிறதோ அதுதான் கதை ஆகிவிடுகிறது, எங்கள் ஊர்ப் பிள்ளை எழுத வேண்டிய ஆடும் அடிபம்பும் ஷேர் ஆட்டோவும் அந்தப் பெட்டியில் கிடையாது. வரைந்து சேர்க்கலாம்தான், ஆனால் மவுஸ் பிடித்து ஆடு வரைய ஒரு பாடவேளை போய்விடும். தமிழில் தட்டச்சு செய்ய ஒருவருக்கும் வரவில்லை, அதனால் பூனை வாயைத் திறந்தால் ‘ஹாய்’ மட்டும் சொன்னது. ஸ்க்ராட்சைக் குறை சொல்லவில்லை. நிரலாக்கம் சொல்லிக்கொடுக்க அதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. எழுத்து வகுப்பின் முதல் படிக்கு அது ஆகவில்லை, அவ்வளவுதான்.

அங்கிருந்து ஒரே ஒரு யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டேன். சின்னக் குழந்தைகளுக்காக 2014இல் வந்த ஸ்க்ராட்ச் ஜூனியரில் ஒரு கதைக்கு நான்கு பக்கம்தான், ஐந்தாவது பக்கம் சேர்க்க முடியாது. எல்லை போட்டால் பிள்ளைகள் யோசிப்பார்கள் என்று அதைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நானும் ஓர் எல்லை போட்டேன்: ஒரு குழுவுக்கு 60 படம், அதாவது 60 போட்டோ. சினிமாவில் நொடிக்கு 24 படம் ஓடும், அனிமேஷன்காரர்கள் பல நேரம் ஒரே படத்தை இரண்டு தடவை எடுத்து 12 படத்திலேயே ஒப்பேற்றிவிடுவார்கள், நாங்கள் அதிலும் பாதியாக்கி 6 வைத்துக்கொண்டோம். கொஞ்சம் வெட்டி வெட்டித்தான் ஓடும், பிள்ளைகளுக்கு அது உறுத்தவே இல்லை. 60 படம் என்றால் பத்து நொடி. பத்து நொடியில் பூனையும் டைனோசரும் சண்டை போட்டு முடிக்க முடியாது.

இனி கருவி. என்னுடைய பழைய செல்போன் ஒன்று, அறிவியல் ஆசிரியரிடம் கெஞ்சி வாங்கிய இன்னொன்று, இரண்டிலும் ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோ செயலி. அதில் முந்தைய படம் திரையில் மங்கலாகத் தெரியும், பொருளை எவ்வளவு நகர்த்தியிருக்கிறோம் என்று ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஸ்டாண்டு வாங்கக் காசில்லை. கல்யாண மண்டபத்திலும் டீக்கடையிலும் இருக்கிற பிளாஸ்டிக் ஸ்டூல் தெரியும் அல்லவா, உட்காரும் இடத்தில் நடுவே ஒரு ஓட்டை இருக்குமே, போனைத் திரை மேலே தெரிகிற மாதிரி அதன்மேல் வைத்து டேப் ஒட்டிவிட்டால் லென்ஸ் ஓட்டை வழியாகக் கீழே பார்க்கும், தரையில் சார்ட் பேப்பர். இதைக் கண்டுபிடித்தது நானில்லை, ஒரு மாணவி. திரையைத் தொட்டால் போன் அசைகிறது என்று ஒயர் ஹெட்செட் ஒன்றை மாட்டினோம், அதன் வால்யூம் பட்டனை அழுத்தினால் படம் விழும். பட்டன் யார் கையில் என்பதற்காக நடந்த சண்டைகளைத் தனியாக எழுதலாம்.

‘இதெல்லாம் எதுக்கு, பாடத்தை முடிங்க’ என்ற குரலும் ஆசிரியர் அறையில் எழாமல் இல்லை. யுனெஸ்கோ 1949இலேயே கனடாவிலிருந்து நார்மன் மெக்லாரன் என்ற அனிமேஷன் கலைஞரைச் சீனாவின் பெய்பெய்க்கு அனுப்பி, கிராமங்களில் சுகாதாரப் பிரசாரம் செய்ய அங்கேயிருந்த ஓவியர்களுக்குச் சிக்கனமான அனிமேஷன் முறைகளைக் கற்றுக்கொடுக்க வைத்தது, இது ஒன்றும் நேற்று முளைத்த மோகம் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. வெள்ளிக்கிழமை கடைசி வேளைகளை வேறு யாரும் கேட்க மாட்டார்கள் என்பதுதான் எடுபட்டது.

புளியங்கொட்டைக்கு வந்த பயம்

முதல் பயிற்சியில் மனிதர்களே வேண்டாம் என்று வைத்தேன். மனிதனைக் கொடுத்தால் முகம் வரைவார்கள், வாயை மேலே வளைத்தால் சிரிப்பு, கீழே வளைத்தால் அழுகை, அதுவும் படத்தில் எழுதிய ‘பட்டான்’தான். அதனால் புளியங்கொட்டை. கண் கிடையாது, வாய் கிடையாது. 30 படத்துக்குள் அதற்கு ஒரு உணர்ச்சி வந்ததைக் காட்ட வேண்டும், மற்ற குழுக்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

என்ன உணர்ச்சி என்பதற்கு நமக்குப் பழைய பட்டியல் ஒன்று இருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் சொல்லும் எட்டு: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. மனசுக்குள் இருப்பது உடம்பில் புலப்படுவதுதான் மெய்ப்பாடு, அதாவது ‘பட்டான்’ என்று சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது என்பதை அவர்கள் எப்போதோ யோசித்துவிட்டார்கள். எட்டையும் சீட்டில் எழுதிக் குலுக்கினேன். இளிவரல் வந்த குழுவுக்கு முதலில் அர்த்தமே தெரியவில்லை, இழிவு, அருவருப்பு என்று விளக்கிய பிறகு ஒரு கொட்டை நடுவே வர மற்ற கொட்டைகள் எல்லாம் ஒவ்வொன்றாக விலகிப் போவது போல எடுத்தார்கள். வகுப்பு மொத்தமும் ‘நாத்தம்!’ என்று கத்தியது. முழுசாகத் தப்பு என்றும் சொல்ல முடியாது.

அச்சம் எடுத்த குழுதான் எனக்கு வழி காட்டியது. சாக்பீஸில் ஒரு கோடு. கொட்டை வேகமாக வருகிறது, கோட்டுக்கு முன்னால் நின்றுவிடுகிறது, ஐந்தாறு படம் அப்படியே அசையாமல் இருக்கிறது, அப்புறம் நூலளவு பின்னால். எல்லாரும் உடனே ‘பயம்’ என்றார்கள். சரி, இப்போது பயம் என்ற சொல்லே வராமல் இதை எழுதுங்கள் என்றேன். அந்தக் குழுவில் ஒரு பெண் எழுதியது: ‘கோட்டுக்கு ஒரு விரல் முன்னால் நின்றுவிட்டது. திரும்பிப் பார்க்க அதற்குக் கழுத்து இல்லை. அதனால் முழுசாகத் திரும்பியது.’ அந்த நோட்டில் சிவப்பு மை வைக்கவே எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு விளையாட்டு தானாக அமைந்தது. எடுத்த 30 படத்தையே செயலியில் வேகம் மாற்றி ஓட்டலாம். நொடிக்கு 3 என்று வைத்தால் பத்து நொடி, 6 என்றால் ஐந்து, 15 என்றால் இரண்டே நொடி. ஒவ்வொரு வேகத்துக்கும் கொட்டை எப்படிப் போகிறது என்று கேட்டேன். மெதுவானதற்குத் ‘தயங்கித் தயங்கி’, நடுவில் ‘விறுவிறுன்னு’, கடைசிக்குக் ‘குடுகுடுன்னு ஓடுது ஐயா’. கரும்பலகையில் இரண்டு பத்தியாக எழுதிவிட்டு, ஒரு பாதியை மூடிக்கொண்டு படியுங்கள் என்றேன். ‘தயங்கி’ தனியாக நிற்கிறது, ‘குடு’ தனியாக நின்றால் வேறு ஏதோ ஆகிவிடுகிறது. அடுக்குத்தொடர், இரட்டைக்கிளவி வேறுபாட்டை நான் பதினைந்து வருடமாக ‘பாம்பு பாம்பு’, ‘சலசல’ என்றே நடத்தி வந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் பிள்ளைகள் உதாரணம் கொடுத்து நான் எழுதிக்கொண்டேன்.

கயிறு அறுந்ததா, வெட்டியதா

புளியங்கொட்டை முடிந்து கதைக்கு வந்தபோது நான் ஒரு பெரிய தப்புச் செய்தேன், இதைச் செய்ய நினைக்கிற ஆசிரியர்கள் இதையாவது கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் கட்டம் கட்டமாகப் படம் வரைந்து திட்டமிடுவது, அப்புறம் எடுப்பது, கடைசியில் அதைக் கதையாக எழுதுவது என்று வைத்தேன். அழகான வரிசைதான். வந்த கதைகள் இப்படி இருந்தன: ‘முதலில் ஒரு பையன் வருகிறான். பிறகு மரம் தெரிகிறது. பிறகு அவன் போகிறான்.’ கிரிக்கெட் வர்ணனை. படம் முடிந்துவிட்ட பிறகு எழுத்துக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை, நடந்ததை ஒப்பிக்கிறது.

அடுத்த சுற்றில் மாற்றினேன். முதலில் ஐந்து வரி எழுத வேண்டும். அந்த ஐந்து வரியில் ஏதாவது ஒரு வரியை மட்டும் 60 படத்தில் எடுக்க வேண்டும். எடுத்த பிறகு ஐந்து வரியையும் திரும்ப எழுத வேண்டும். இரண்டு போன், ஆறு குழு என்பதால் ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு குழுதான் படம் எடுக்க முடியும், மற்றவர்கள் எழுதுவார்கள் அல்லது திரும்ப எழுதுவார்கள். போன் பற்றாக்குறையால் வந்த ஏற்பாடு, நாற்பது போன் இருந்திருந்தால் ஒருவரும் எழுதியிருக்க மாட்டார்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

ஆட்டுக்காரப் பையனின் குழு ‘எங்கும் தேடினான்’ என்ற வரியை எடுத்துக்கொண்டது. குளத்துக் களிமண்ணில் ஒரு பையன், ஒரு அப்பா, தீக்குச்சியில் முளை, மஞ்சள் ஜெலட்டின் காகிதத்தில் டார்ச் வெளிச்சம். முளையில் கட்டுவதற்கு ஒரு துண்டு சணல் கயிறு. அங்கேதான் நின்றுவிட்டார்கள். கயிற்றின் மறுமுனையை எப்படி வைப்பது? வெறுமனே வைத்தால் ஆடு கட்டையே அவிழ்த்துக்கொண்டு போயிருக்கிறது, நுனி பிசிறினால் இழுத்து அறுத்துக்கொண்டு போயிருக்கிறது, நேராக வெட்டினால் யாரோ களவாண்டிருக்கிறார்கள். எழுதும்போது ‘ஆடு தொலைந்தது’ என்று கடந்து போய்விடலாம், தரையில் கயிறு என்று ஒன்றை வைத்தபிறகு அதற்கு ஒரு நுனி இருந்தே தீரும். நான்கு பேரும் அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். அன்றைக்கு எடுத்தது எட்டே படம்.

அடுத்த வாரம் அவன் திரும்ப எழுதிக் கொடுத்ததில் ஒரு பகுதி, எழுத்துப் பிழை மட்டும் திருத்தியிருக்கிறேன்:

‘முளையில் கயிறு மட்டும் கிடந்தது. அப்பா கயிற்று நுனியைக் கையில் எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். அறுந்த கயிறு என்றால் பிசிறு பிசிறாக இருக்கும். இது வெட்டின மாதிரி இருந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கயிற்றைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார். அம்மா அடுப்பை அணைத்தாள்.’

கடைசி வாக்கியம் அவர்கள் எடுத்த படத்தில் கிடையாது. படத்தில் அம்மாவே இல்லை. ‘அம்மாவை ஏன்டா சேர்த்த?’ என்று கேட்டேன். ‘அப்பா இனிமே சாப்பிட மாட்டாருல்ல ஐயா’ என்றான். ‘நீதி’ எங்கே என்று நான் கேட்கவில்லை, அவனும் எழுதவில்லை.

வினையெச்சம் எதற்கு என்பதும் இந்த வேலையில் பிள்ளைகளுக்குப் பிடிபட்டது. ‘எடுத்து, அடித்து, சுருட்டி’ என்று போகிறவரை கை நகர்ந்துகொண்டே இருக்கிறது, ‘கொண்டார்’ என்று முற்று வந்ததும் நிற்கிறது. எச்சம் ஒவ்வொன்றும் இடையில் எடுக்கிற படம், முற்று என்பது கடைசிப் படம் என்று ஒரு பையன் சொன்னான். இலக்கண ஆசிரியர்கள் என்ன சொல்வார்களோ தெரியாது, நான் ஒத்துக்கொண்டேன்.

எல்லாம் இப்படியே போகவில்லை. மேகம் மறைத்தால் படம் இருண்டுவிடும், விலகினால் பளிச்சென்று ஆகும், ஓட்டிப் பார்த்தால் மின்னல் அடிக்கிற மாதிரி இருக்கும். ஜன்னலைச் சாத்திவிட்டு ட்யூப்லைட்டில் எடுத்தால் படத்தில் வரி வரியாக விழுந்தது. கடைசியில் செயலியில் வெளிச்சத்தைப் பூட்டிவைத்து, ஜன்னலுக்கு வெள்ளை வேட்டி கட்டி ஒப்பேற்றினோம். நன்றாக வரைகிற பிள்ளை இருந்த குழுவில் அவளே எல்லாவற்றையும் வரைந்துவிட்டு மற்றவர்களை உட்கார வைத்தாள், அதனால் வரைவதைத் தடை செய்து களிமண், கொட்டை, தீக்குச்சி, வெட்டிய காகிதம் மட்டும் என்று வைத்தேன். தோல்பாவையில் கை கால்களை நூலால் முடிச்சுப் போட்டு ஆட்டுவார்களே, அப்படிக் காகித உருவத்துக்கு மூட்டு வைக்க ஒரு பிள்ளையின் தாத்தா வந்து காட்டிக்கொடுத்தார்.

ஒரு பையனைப் பற்றி மட்டும் சொல்லியாக வேண்டும். அவனுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். படம் எடுப்பதில் அவனுக்கு நிகர் யாரும் இல்லை, எத்தனை படம் அசையாமல் விட வேண்டும் என்பதைக் கண்ணாலேயே சொல்வான், மூன்று குழுக்கள் அவனைக் கடன் கேட்டன. கதையை வாயால் சொல்லச் சொல்லி இன்னொரு பிள்ளை எழுதினாள். பேச்சு தெளிவானது, வகுப்பில் மரியாதை வந்தது. எழுத்து? வரவில்லை. அதற்கு வேறு வேலை தனியாகச் செய்ய வேண்டியிருந்தது, இன்னமும் செய்துகொண்டிருக்கிறேன். அனிமேஷன் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டது என்று எழுதினால் அவன் முகத்தை என்னால் பார்க்க முடியாது.

அந்த ஒரு வரி

ஏழாவது வாரம் ஒரு குழு தேர்ந்தெடுத்த வரி: ‘அம்மா வரவில்லை.’

எழுதிய பெண்ணின் அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார் என்பது எனக்குத் தெரியும், வகுப்புக்கும் தெரியும். யாரும் அதைப் பேசவில்லை, வரியைப் பற்றித்தான் பேசினோம். முதல் முயற்சி: வாசல்படி, கதவு, காலியாக, 20 படம். ஓட்டிக் காட்டினார்கள். பக்கத்துக் குழுவில் இருந்து ஒருவன் சொன்னான், ‘ஐயா, யாருமே இல்லன்னுதான் தெரியுது. வரலன்னு தெரியலையே.’

அவன் சொன்னது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கே வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது. இல்லாமல் இருப்பது வேறு, வராமல் இருப்பது வேறு. கேமராவுக்கு இரண்டும் ஒரே காலி வாசல்.

இரண்டாவது முயற்சியில் வாசலில் காகிதச் சிறுமி ஒருத்தியை உட்கார வைத்தார்கள். இப்போது அவள் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். மூன்றாவதில் ஒரு காகித பஸ் குறுக்கே போகிறது, பஸ் வரும்போது அவள் தலை தூக்குகிறாள், போனதும் குனிகிறாள். மறுபடி பஸ், மறுபடி தலை தூக்குகிறாள். மூன்றாவது பஸ்ஸுக்குத் தலை தூக்கவில்லை. 60 படத்தில் 58 செலவாகிவிட்டது. வகுப்பு ‘ப்ச்’ என்றது.

நான் கைதட்டத் தயாராக இருந்தேன். அந்தப் பெண் திருப்தி இல்லாமல் நின்றாள். ‘இத்தனை பண்ணோம் ஐயா, நோட்டுல ஒரு வார்த்தையிலேயே இருக்கே.’

அப்படியே பாடத்தை நிறுத்திவிட்டு, எத்தனை படம் கொடுத்தாலும் எடுக்க முடியாத வாக்கியங்களை எழுதுங்கள் என்றேன். இந்த மொத்த முயற்சியிலும் சிறந்த வகுப்பு அதுதான், அன்றைக்குப் போனைத் தொடவே இல்லை. கரும்பலகை நிறைந்துவிட்டது. ‘ஒருவேளை நாளைக்கு வருவாள்.’ ‘அவன் வந்திருக்கலாம்.’ ‘எங்கள் வீட்டில் எப்போதும் மண்ணெண்ணெய் வாசம் அடிக்கும்.’ ‘அப்பா முன்பெல்லாம் பாடுவார்.’ ‘அது பொய் என்று அவளுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தாள்.’ ‘நான் பிறப்பதற்கு முன்னால் இங்கே ஒரு கிணறு இருந்தது.’ எதிர்மறையும் எதிர்காலமும் ஐயமும் வழக்கமும் வாசனையும் அங்கே இருந்தன. கேமரா நுழைய முடியாத இடம் மொழிக்கு இவ்வளவு இருக்கிறதா என்று பிள்ளைகளோடு நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘அதையும் எடுக்கலாம்’ என்று சிலர் வாதாடினார்கள், ‘முன்பெல்லாம்’ என்பதற்குக் காலண்டர் தாள் கிழிவதைக் காட்டலாம் என்றான் ஒருவன், சினிமாவில் பார்த்தது. அதைக் காட்ட காலண்டரில் எழுத்து இருக்க வேண்டுமே என்று இன்னொருத்தி மடக்கினாள்.

அதன் பிறகு விதி எளிதாகிவிட்டது. எடுக்க முடிகிற வரிகளை நன்றாக எடுக்க முடிகிற மாதிரி எழுது. கதைக்கு ஒரே ஒரு வரியாவது எடுக்க முடியாததாக இருக்கட்டும்.

என்ன மாறியது, என்ன கெட்டது

முடிவில் அதே தலைப்பு, ‘தொலைந்த பொருள்’, திரும்பக் கொடுத்தேன். ‘பட்டான்’ ஒழியவில்லை, குறைந்தது. எண்ணிப் பார்த்தேன், ஆனால் அந்த எண்ணை எழுதப் போவதில்லை, ஏனென்றால் நான் ‘பட்டான்’ எண்ணுகிறேன் என்று வகுப்புக்கு அதற்குள் தெரிந்துவிட்டது, நான்கைந்து பேர் அதற்குப் பயந்து ‘வருத்தம் அடைந்தான்’ என்று எழுதியிருந்தார்கள். பிள்ளைகள் பிள்ளைகள்தான்.

உண்மையாக மாறியது கதையின் ஆரம்பம். ‘ஒரு ஊரில்’ போய், ஏதோ ஒரு பொருளில் ஆரம்பித்தார்கள்: கயிறு, பஸ் டிக்கெட், அறுந்த செருப்பு, ரேஷன் கார்டின் கிழிந்த உறை. அப்புறம் நிற்கிற இடம். அசையாமல் விட்ட படங்களின் பலனோ என்னவோ, ‘ஒன்றும் சொல்லவில்லை’, ‘அப்படியே நின்றாள்’ மாதிரி வாக்கியங்கள் சரியான இடத்தில் வந்தன.

புதிதாக ஒரு நோயும் வந்தது, அதற்கு நான்தான் காரணம். ‘அவன் கையை நீட்டினான். கதவைப் பிடித்தான். இழுத்தான். கதவு திறந்தது. வலது காலை உள்ளே வைத்தான். இடது காலை வைத்தான்.’ ஒரு பக்கம் முடியும்போது ஆள் இன்னும் வீட்டுக்குள்ளேயே வரவில்லை. 60 படத்துக்குப் பழகியவர்கள் எல்லா அசைவையும் எழுதித் தீர்த்தார்கள். அனிமேஷனில் இடைவெளி விட்டால் பொருள் குதிக்கும், எழுத்தில் இடைவெளி விட்டால் ஒன்றும் குதிக்காது, படிக்கிறவர் நிரப்பிக்கொள்வார், இந்த இடத்தில் இரண்டும் எதிரெதிர். அதனால் கடைசி இரண்டு வாரம் வெட்டுகிற வேலை. தங்கள் கதையில் எந்த வாக்கியத்தை எடுத்துவிட்டாலும் ஆள் தானாகவே வீட்டுக்குள் வந்துவிடுவாரோ அதைப் பென்சிலால் அடிக்கச் சொன்னேன். இதை முன்பே, மூன்றாவது நான்காவது வாரத்திலேயே செய்திருக்க வேண்டும்.

செலவு என்று பார்த்தால் சார்ட் பேப்பர், டேப், ஹெட்செட், ஜெலட்டின் காகிதம் எல்லாம் சேர்த்து முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. நேரச் செலவுதான் அதிகம், 60 படம் எடுக்க ஒரு குழுவுக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாது, முதல் தடவை அதுவும் போதாது. தேர்வு நெருக்கத்தில் இதை ஆரம்பிக்காதீர்கள். ஆறாம் வகுப்புக்கு 60 படம் அதிகம், 30 வைக்கலாம். ஒன்பதுக்கு மேல் போனால் படம் எடுப்பதில் காட்டுகிற அக்கறையைத் திரும்ப எழுதுவதில் காட்ட மாட்டார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, செய்து பார்க்காமல் சொல்லக் கூடாது.

இந்த வருடம் வரிசையை மாற்றியிருக்கிறேன். புளியங்கொட்டை முடிந்த மறுவாரமே ‘எடுக்க முடியாத வாக்கியம்’, அதற்குப் பிறகுதான் கதை. லேபுக்கு ஜனவரியில் போகலாம் என்று இருக்கிறேன், ஆட்டை அவர்களே களிமண்ணில் செய்து படம் எடுத்து ஸ்க்ராட்சுக்குள் கொண்டுபோனால் அந்தப் பூனையிடம் மாட்டிக்கொள்ள மாட்டார்கள். கொட்டை ஒரு டப்பா நிறைய இருக்கிறது. ஹெட்செட் மட்டும் புதிதாக வாங்க வேண்டும், பழையதைப் பட்டன் சண்டையில் பிய்த்துவிட்டார்கள்.